நடந்து நடந்து தின்ற டர்பன்

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வரும் நம் ஊர்க்காரர்கள் வண்டியை விட்டு இறங்கியதும் கேட்பது, "பன்னி சௌ எங்கே நல்லா இருக்கும்?" என்றுதான். குடைந்த ரொட்டிக்குள் குழம்பு ஊற்றித் தரும் இந்த ஊர்ச் சாப்பாடு அது. முன்பெல்லாம் கடற்கரைப் பக்கம் ஏதாவது ஒரு கடைக்கு அழைத்துப் போய்விடுவேன். இப்போது அப்படிச் செய்வதில்லை. விடியற்காலையில் எழுப்பி வார்விக் ஜங்ஷனுக்குக் கூட்டிப் போகிறேன். அங்கே வழிகாட்டி ஒருவரோடு சந்தை சந்தையாக நடந்து, கண்டதைத் தின்று, கடைசியாக கிரே ஸ்ட்ரீட் பக்கம் வந்த பிறகுதான் அந்த ரொட்டி கைக்கு வரும். இந்த ஊர்ச் சாப்பாட்டில் பாதியைச் சட்டம் சமைத்தது. மீதியைச் சமைத்தவர்கள், அந்தச் சட்டம் எழுந்து போகச் சொன்னபோது எழாமல் உட்கார்ந்திருந்தவர்கள். நடக்காமல் தின்றால் இது நாக்குக்குத் தெரியாது என்பது என் உறுதியான எண்ணம்.

வார்விக் ஜங்ஷன் டர்பன் நகரின் மேற்கு வாசல். பெரியா ரயில் நிலையம், பேருந்து நிறுத்தங்கள், இங்கே டாக்ஸி என்று சொல்லப்படும் வேன்கள் எல்லாம் ஒரே இடத்தில் மோதிக்கொள்ளும் முனை. அன்றாடம் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இதைக் கடந்து போகிறார்கள், 6,000 முதல் 8,000 பேர் வரை இங்கே தெருவோரத்திலும் சந்தைகளிலும் வியாபாரம் செய்கிறார்கள் என்பது பலரும் சொல்லும் கணக்கு. இந்த நெரிசல் தானாக வந்ததல்ல. இன ஒதுக்கல் காலத்தில் கறுப்பின மக்கள் நகரத்துக்குள் வேலை செய்யலாம், குடியிருக்க முடியாது. நகருக்கு வெளியே உம்லாசியிலும் குவாமாஷூவிலும் குடியமர்த்தப்பட்டவர்களை ஏற்றி வரும் ரயிலும் பேருந்தும் வெள்ளையர் கடைவீதிக்குள் நுழையாமல் அதன் விளிம்பிலேயே அவர்களை இறக்கிவிட்டன. அந்த விளிம்புதான் வார்விக். விடிவதற்கு முன்பே வீட்டை விட்டுக் கிளம்பியவர்களுக்கு இறங்கும்போதே பசிக்கும். பசிக்கிற இடத்தில் யாராவது அடுப்பு மூட்டத்தானே செய்வார்கள்?

இங்கே மொத்தம் ஒன்பது சந்தைகள் என்று சொல்வார்கள். அவற்றை நடந்து பார்க்க வழிகாட்டி ஏற்பாடு செய்வது ஆசியே ஏதாஃபுலேனி என்ற தொண்டு நிறுவனம். ரிச்சர்ட் டாப்சன், பேட்ரிக் உண்ட்லோவு என்ற இருவர் 2008-இல் தொடங்கியது. இருவரும் அதற்கு முன் மாநகராட்சியில் இருந்துகொண்டு இந்த வட்டாரத்தைச் சீரமைக்கும் திட்டத்தில் வேலை பார்த்தவர்கள். வியாபாரிகளுக்கு வண்டி, அடுப்பு, மேசை வடிவமைத்துத் தருவதிலிருந்து சட்ட உதவி வரை செய்கிறார்கள். அதனால் இவர்களோடு நடக்கும்போது யாரும் முறைத்துப் பார்ப்பதில்லை. வழிகாட்டி போகிற வழியெல்லாம் "சவுபோனா, மாமா" என்று கும்பிடு போட்டுக்கொண்டே போவார். சூலு மொழியில் 'வணக்கம், அம்மா' என்று பொருள். அந்தப் பக்கத்திலிருந்தும் பதில் வரும். தின்பண்டம் கையில் கிடைப்பதற்கு முன்பே அந்த மரியாதை நமக்கும் சேர்த்துக் கிடைத்துவிடுகிறது.

எங்கள் தெரு பெரியம்மாவும் இந்த முறை வந்திருந்தார். டர்பன் இந்தியர்களைக் குடியமர்த்திய சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்தவர். பேச்செல்லாம் ஆங்கிலம். ஆனால் ஆயா, தாத்தா, பெரியம்மா, மாமா, அக்கா எல்லாம் வாயில் சுத்தமாக இருக்கும். மாரியம்மன் தாலாட்டும் மனப்பாடம். இத்தனை வயதில் வார்விக்குக்கு வழிகாட்டியோடு வருவதா என்று முதலில் தயங்கினார். சின்ன வயதில் அப்பாவோடு லாரியில் காய்கறி மூட்டைமேல் உட்கார்ந்து வந்த இடம் இது.

அவர் அப்பா வந்த சந்தைக்குப் பெயரே எர்லி மார்னிங் மார்க்கெட். பெயருக்கு ஏற்றபடி நாங்கள் போய்ச் சேரும்போதே மொத்த வியாபாரம் முடிந்து தள்ளுவண்டிக்காரர்கள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். உயர்ந்த கூரை, அதன் கீழே வரிசை வரிசையாக மேசைகள். கொத்தமல்லிக் கட்டு, கறிவேப்பிலை, பச்சை மிளகாய், முருங்கை, பாகல், வெண்டை. நம் ஊர் மார்க்கெட்டில் பார்க்கிற எல்லாமே இருக்கும். பக்கத்திலேயே மதும்பி குவிந்து கிடக்கும். அது நம் சேப்பங்கிழங்கின் இனம்தான். சூலு வீடுகளில் உப்புப் போட்டு அவித்துத் தின்பார்கள், தமிழ் வீடுகளில் புளி ஊற்றிக் குழம்பு வைப்பார்கள். இரண்டு பேரும் ஒரே குவியலில்தான் கைவிட்டுப் பொறுக்குகிறார்கள்.

ஒரு மேசைக்குப் பின்னால் வயதான அம்மா ஒருவர் காட்ரா பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தார். வெளிர்த் தோலில் சிவப்புக் கோடுகள் ஓடும் காய். பெருவிரல் நகத்தை முதுகில் வைத்து ஒரு அழுத்து, தோல் இரண்டாகப் பிளக்கும். அதே விரலை உள்ளே ஓட்டினால் ஐந்தாறு பருப்பும் ஒரே சரடாக மடியில் விழும். தோல் வலதுபக்கக் கூடைக்கு. கண் என்மேல்தான் இருந்தது, கை நிற்கவே இல்லை. உரித்ததைத் தராசில் வைப்பதில்லை. சின்னத் தட்டுகளில் கூம்பு கூம்பாகக் குவித்து, தட்டு இவ்வளவு என்று விற்கிறார். உரிக்காத காய் மலிவு. உரித்த பருப்புக்கு அவர் விரலின் கூலியும் சேரும்.

நான் பெரியம்மாவிடம் ஏதோ தமிழில் சொன்னதைக் கேட்டுவிட்டார்.

"எந்த ஊரு மா நீ?"

"வேலூர் பக்கம், ஆயா."

"வேலூரா? எங்க தாத்தாவோட அப்பா ஆர்க்காட்டுல இருந்து கப்பல்ல வந்தாருன்னு சொல்லுவாங்க. எந்தப் பக்கம் ஆர்க்காடுன்னு தெரியாது. நீ போயிருக்கியா அங்க?"

"பஸ்ல அரை மணி நேரந்தான் ஆயா. அடிக்கடி போவோம்."

அவர் கை அப்போதுதான் நின்றது. "அரை மணியா," என்றார். அதற்குள் சூலு அம்மா ஒருவர் மிளகாய்க்கு விலை கேட்க, சரளமான சூலுவில் பேரம் ஆரம்பித்துவிட்டது.

இந்த மேசைக்குப் பின்னால் இருக்கும் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். 1860 நவம்பர் 16-ஆம் தேதி மதராசிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் டர்பன் துறைமுகத்தைத் தொட்டது. அதன்பின் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக இங்கே இறக்கப்பட்டவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மதராசில் கப்பலேறியவர்கள். பெரும்பாலும் கரும்புத் தோட்டம், படியாக அரிசி, பருப்பு, கருவாடு. ஒப்பந்தம் முடிந்த பிறகு பலர் ஊர் திரும்பாமல், ஆற்றங்கரைச் சேற்று நிலத்தையும் சரிவுகளையும் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி போட்டார்கள். உம்கேனி ஆற்றோரம், ஸ்ப்ரிங்ஃபீல்ட், கிளேர்வுட் எல்லாம் அப்படிப் பச்சையானவை.

அதைப் பொறுக்காமல் வந்தது சட்டம். 1895-இல், டர்பன் அடங்கிய நடால் காலனியின் அரசு, ஒப்பந்தம் முடிந்தும் தங்குகிறவர்கள் ஆண்டுக்கு 3 பவுண்டு வரி கட்ட வேண்டும் என்றது. கூலிக்காரன் பல மாதம் உழைத்துச் சேர்க்கும் பணம் அது. 1914 வரை அந்த வரி கழுத்தை நெரித்தது. 1897-இல் இன்னொரு சட்டம், கடை உரிமம் தருவதும் மறுப்பதும் நகராட்சி அதிகாரியின் இஷ்டம், மறுத்தால் நீதிமன்றத்தில் முறையிட முடியாது என்றது. கடை வைக்க முடியாதவர்கள் விக்டோரியா ஸ்ட்ரீட்டில் கூடையை இறக்கி வைத்து உட்கார்ந்தார்கள். அப்படி உட்கார்ந்தவர்களின் கூட்டம்தான் சந்தையானது. எர்லி மார்னிங் மார்க்கெட்டின் தொடக்கத்தை 1910 என்று கணக்கிடுகிறார்கள். வார்விக் பக்கம் வந்தது 1930-களில்.

கீரைக் கட்டு ஏன் அவ்வளவு சின்னது, தட்டு ஏன் அவ்வளவு சின்னது என்று எனக்கு முன்பு தோன்றியதுண்டு. வழிகாட்டிதான் விளக்கினார். வாங்குகிறவர் அன்றன்றைக்குக் கூலி வாங்கி, அன்றன்றைக்குச் சமைக்கிறவர். ரயிலில் நின்றுகொண்டே கையில் பிடித்துப் போகிற அளவுக்குத்தான் கட்டு இருக்க வேண்டும். சூப்பர் மார்க்கெட்டில் கிலோவாகக் கட்டி வைத்திருப்பது அவருக்கு உதவாது.

கோழிப் பகுதியில் உயிர்க்கோழிகள் கூண்டில் கத்திக்கொண்டிருந்தன. பெரியம்மா அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது அவர் வீட்டில் சேவல் இங்கேதான் வாங்குவார்களாம். கேழ்வரகு கிடைக்காத ஊரில் கூழுக்கு மக்காச்சோள மாவு. அதை முதல் நாளே கரைத்துப் புளிக்க வைப்பார்கள். பக்கத்துச் சந்தில் ஒரு பெண் வாளியில் வைத்து விற்ற அமாஹேவுவும் புளித்த மக்காச்சோளக் கரைசல்தான். பெரியம்மா ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு, "வெங்காயமும் மிளகாயும் இருந்தா இதுவே மாரியம்மன் கூழ்," என்றார். நானும் குடித்தேன். அவர் சொன்னது சரி.

2009-இல் இந்தக் கூரை போயிருக்க வேண்டியது. அடுத்த ஆண்டு உலகக் கோப்பைக் கால்பந்து வருகிறதென்று ஊரை மினுக்கிக்கொண்டிருந்த மாநகராட்சி, இந்த இடத்தில் ஷாப்பிங் மால் கட்ட ஒப்புதல் தந்தது. வியாபாரிகள் காலி செய்ய மறுத்தார்கள். தமிழ் ஆயாக்களும் சூலு அம்மாக்களும் தள்ளுவண்டி இளைஞர்களும் ஒன்றாக நின்றார்கள். போலீஸ் ரப்பர் குண்டு சுட்டது. வழக்கு மேல் வழக்காக இழுத்து, கடைசியில் திட்டமே கைவிடப்பட்டது. வழிகாட்டி இதைச் சொல்லும்போது சுற்றி இருந்த மேசைக்காரர்கள் நடுநடுவே திருத்தினார்கள். யார் எங்கே நின்றார்கள், எந்தக் கதவு பூட்டியிருந்தது என்று ஆளுக்கு ஒரு விவரம். பீன்ஸ் ஆயா எதுவும் சொல்லவில்லை. அவரும் நின்றவர்தான் என்று பக்கத்து மேசைக்காரர் சொன்னார்.

அங்கிருந்து மாட்டுத்தலைச் சந்தை. நம்மவர்களில் பலர் இந்த இடத்தில் ஒதுங்கிக்கொள்வார்கள். பெரியம்மாவும் வெளியிலேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். வீட்டில் மாட்டிறைச்சி கிடையாது. வற்புறுத்தக் கூடாது. ஆனால் தின்னாவிட்டாலும் பார்க்கலாம் என்பது என் கருத்து. பெண்கள் பெரிய கத்தியால் தலையிலிருந்து கறியை வழித்தெடுத்து, தண்ணீரும் உப்பும் மட்டும் போட்டு வேகவைக்கிறார்கள். வேறு மசாலா இல்லை. மரப்பலகையில் துண்டு போட்டு, உப்பும் மிளகாயும் ஓரத்தில் வைத்து, ஆவியில் வெந்த உஜெகே ரொட்டியோடு தருகிறார்கள். சூலு வழக்கத்தில் மாட்டின் தலை ஆண்களின் பங்கு. சமைத்து விற்று அதில் வீட்டை நடத்துவது பெண்கள். கழிவுநீரும் கொழுப்பும் வடிந்து போக வழி வைத்து இந்தக் கொட்டகை கட்டிய பிறகுதான் அவர்கள் வேலை சற்று மனிதர் செய்கிற மாதிரி ஆனது. நகரத்துக் கட்டடக் கலையில் விருது கொடுப்பதாக இருந்தால் நான் அந்த வடிகாலுக்குத்தான் கொடுப்பேன்.

மூலிகைச் சந்தை சாப்பாட்டில் சேராது என்றாலும் விட்டுவிட மனம் வரவில்லை. கட்டி முடிக்காமல் அந்தரத்தில் நின்றுபோன மேம்பாலத்தின் மேலே மரப்பட்டை, வேர், கிழங்கு என்று கடை விரித்திருக்கிறார்கள். கீழே வண்டிகள் பறக்கின்றன. இம்பேபோ எரியும் வாசனை கோயில் சாம்பிராணி போல மூக்கில் ஏறும். முன்னோரை அழைக்க அதைக் கொளுத்துவார்களாம்.

இறங்கி வந்தால் சோளம் அவிக்கிறவர்கள். பெரிய பீப்பாயில் தண்ணீர் கொதிக்க, உள்ளே தோலோடு மக்காச்சோளக் கதிர்கள். விறகுப் புகையில் நின்றே நாள் முழுக்க வேலை. இங்கே கிடைக்கும் சோளம் நம் ஸ்வீட் கார்ன் மாதிரி இனிக்காது. வெள்ளை மணி, கெட்டியாக, மென்று தின்ன வேண்டியது. ஒரு கதிர் தின்றால் மதியம்வரை தாங்கும்.

புரூக் ஸ்ட்ரீட் பக்கம் பாத்ஷா பீர் தர்கா. ட்ரூரோ கப்பலிலேயே கூலியாக வந்தவர் என்று சொல்லப்படுகிற ஞானி. இந்துக்களும் போய்க் கும்பிடுகிறார்கள். சந்தை அதன் மதிலை ஒட்டியே நடக்கிறது.

அடுத்தது விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட். பழைய கட்டடம் 1973-இல் எரிந்துபோனது. இப்போது நிற்கும் புதுக்கட்டடம் திறக்கப்பட்டது 1990-இல். இடைப்பட்ட அத்தனை ஆண்டும் வியாபாரிகள் தற்காலிக இடங்களில் தட்டுத்தடுமாறிப் பிழைத்தார்கள். பலர் திரும்பவே இல்லை. வெளித்தெருவுக்கு இன்று பெர்த்தா ம்கீஸே ஸ்ட்ரீட் என்று பெயர். அவர் தையல் தொழில் செய்தவர், ஆப்பிரிக்க தேசிய காங்கிரசின் பெண்கள் அணியில் முன்னணியில் நின்றவர், கறுப்பினப் பெண்களும் பாஸ் என்ற நடமாட்ட அனுமதிச்சீட்டைச் சுமக்க வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர். இந்த வழியாக நடக்கிறவர்கள் அந்தப் பெயர்ப் பலகையை ஒருமுறை நின்று படிக்க வேண்டும்.

உள்ளே மசாலாக் கடைகள். மாமியாரை ஒழிக்கும் பொடி, நரக நெருப்பு என்றெல்லாம் எழுதி வைத்த பொடிக் குவியல்கள் சுற்றுலாக்காரர்களுக்கு. எனக்கு அந்தப் பெயர்கள் பிடிப்பதில்லை, அந்தப் பொடியும் வேண்டாம். உள்ளூர்க்காரர்கள் போகிற கடையில் போய் நில்லுங்கள். ஆட்டுக்கறிக்கா, கோழிக்கா, மீனுக்கா, பீன்ஸுக்கா என்று கேட்டு, டப்பா டப்பாவாகத் திறந்து, மிளகாய்த்தூள், தனியா, சீரகம், சோம்பு, மஞ்சள் என்று கரண்டியால் அள்ளிக் கண்முன்னால் கலந்து தருவார்கள். டர்பன் குழம்பு சிவப்பாக இருக்கும், தேங்காய் இருக்காது, காரம் முன்னால் நிற்கும், தக்காளி தாராளம். எண்ணெயில் பட்டையும் சோம்பும் பொரிந்து, கறிவேப்பிலை விழுந்து, வெங்காயம் வதங்கும் வரைக்கும் அது வேலூர்ச் சமையலறை. அதற்குப் பிறகு தனி வழி போகிறது. பெரிய பெரிய உருளைக்கிழங்குத் துண்டுகள் குழம்பைக் குடித்துக் குடித்து உள்ளே வரை சிவந்துபோகும். கறியைவிட அந்தக் கிழங்குக்குத்தான் வீட்டில் சண்டை வரும் என்று பெரியம்மா சொன்னார்.

இங்கிருந்து நாலு எட்டு வைத்தால் ஜும்மா மசூதி. 1881-இல் இடம் வாங்கித் தொடங்கியது. தென்னரைக்கோளத்திலேயே பெரிய மசூதி என்று நெடுங்காலம் பெயர் பெற்றிருந்தது. மறுபுறம் 1904-இல் கட்டிய இம்மானுவேல் பேராலயம். இரண்டுக்கும் நடுவில் நூல்பிடித்த மாதிரி மதரசா ஆர்கேட். பாங்கு ஒலியும் பேராலய மணியும் மாறி மாறிக் கேட்கும் அந்தச் சந்தில் துணி, வளையல், பாத்திரம் எல்லாம் கிடைக்கும். பேராலயத்தை ஒட்டி 2015-இல் திறந்த டெனிஸ் ஹர்லி மையத்தில் வீடற்றவர்களுக்குச் சாப்பாடு போடுகிறார்கள். இன ஒதுக்கலை எதிர்த்த பேராயரின் பெயரால் நடப்பது. சாப்பாட்டைத் தேடி நடக்கும் நடையில் இந்த வாசலைத் தாண்டிப் போகும் வழிகாட்டியை நான் நல்ல வழிகாட்டி என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்கள் வழிகாட்டி நின்றார், உள்ளே தட்டு ஏந்தி நின்றவர்களில் இரண்டு பேரைப் பெயர் சொல்லி விசாரித்தார்.

பிறகுதான் கிரே ஸ்ட்ரீட். இன்று டாக்டர் யூசுஃப் தாதூ ஸ்ட்ரீட். ஒரு காலத்தில் கீழே கடை, மேலே வீடு, நடுவில் சினிமா கொட்டகை என்று இந்தியர்களின் ஊராகவே இருந்த தெரு. 1950-இல் வந்த குழுப்பகுதிச் சட்டம், யார் எந்த இனமோ அந்த இனத்துக்கு ஒதுக்கிய பகுதியில்தான் வாழ வேண்டும் என்றது. டர்பன் இந்தியர்களை 1960-களில் சாட்ஸ்வொர்த்துக்கும் பிறகு ஃபீனிக்ஸுக்கும் அள்ளிக் கொட்டினார்கள். பெரியம்மாவின் அப்பா தோட்டம் இழந்ததும் அந்த அலையில்தான். மேல்மாடி வீடுகளின் இரும்புக் கம்பி பால்கனிகள் இன்னும் இருக்கின்றன.

பன்னி சௌ பிறந்தது எப்படி என்பதற்குக் கதைகள் பல. கோல்ஃப் மைதானத்தில் மட்டை தூக்கிய இந்தியப் பையன்களுக்கு வேலையை விட்டு வர நேரமில்லாததால் ரொட்டிக்குள் குழம்பு ஊற்றி அனுப்பினார்கள் என்பது ஒன்று. கரும்புக் காட்டுக்குக் கட்டுச்சோறாகப் போனது என்பது இன்னொன்று. இந்தத் தெருவின் உணவகங்களில் கறுப்பினத்தவரை உள்ளே உட்கார வைக்கச் சட்டம் இடம் தராததால், தட்டும் கரண்டியும் வேண்டாத ஒரு சாப்பாட்டைப் பின்வாசல் வழியாகக் கொடுத்தார்கள் என்பது மூன்றாவது. 1940-களை ஒட்டிப் பரவியது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். காலையிலிருந்து நடந்து வந்த வழியை நினைத்தால் எனக்கு மூன்றாவதுதான் மனசில் நிற்கிறது. இங்கே நான் பார்த்த ஒவ்வொரு தீனியும் உட்கார இடமில்லாதவர் நின்றபடியோ நடந்தபடியோ தின்பதற்காகச் செய்தது.

நாங்கள் போன கடையில் மேசைகூடக் கிடையாது. சுவரோரம் ஒரு பலகை. வெட்டாத வெள்ளை ரொட்டியை நாலாக நறுக்கி, ஒரு துண்டின் நடுவைக் கையால் குடைந்து எடுத்து, கொதிக்கும் குழம்பை விளிம்புவரை ஊற்றி, குடைந்த பஞ்சை மேலே மூடியாக வைத்துத் தாளில் சுற்றித் தருகிறார்கள். கூடவே துருவிய கேரட், வெங்காயம், பச்சை மிளகாய், வினிகர். முதலில் அந்த மூடியைக் குழம்பில் தோய்த்துத் தின்ன வேண்டும். பிறகு மேல் விளிம்பிலிருந்து சுவரைச் சுற்றிச் சுற்றிப் பிய்த்து, அதனாலேயே கறியை எடுக்க வேண்டும். அடியில் ஓட்டை விழக் கூடாது. கடைசியில் மிஞ்சும் அடித்துண்டு குழம்பில் ஊறி அல்வாப் பதத்துக்கு வந்திருக்கும். கரண்டி கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் கையால் தின்பதுதான் இந்தச் சாப்பாட்டின் அமைப்பு, நமக்கு அதில் சிரமமும் இல்லை.

போக நினைக்கிறவர்களுக்குச் சில வார்த்தை. வார்விக் ஆபத்தான இடம் என்று டர்பனிலேயே பலர் பயமுறுத்துவார்கள். பணப்பையை, போனை ஜாக்கிரதையாக வைத்துக்கொண்டு, சந்தையைச் சேர்ந்த வழிகாட்டியோடு பகலில் போங்கள். சில்லறை நோட்டுகளாகக் கொண்டு போங்கள், நூறு ரேண்டை நீட்டி ஒரு சோளம் கேட்டால் அந்த அம்மா பாக்கிக்கு எங்கே போவார்? முகத்தைப் படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள். மூலிகைச் சந்தையில் வேண்டாம் என்றால் கேமராவை உள்ளே வைத்துவிடுங்கள். பன்னி சௌ முதல் முறை என்றால் கால் ரொட்டி போதும், அதிலும் பீன்ஸ் போட்டது கேளுங்கள். காசில்லாதவர்கள் வாங்கித் தின்ற வகை அது, சுவையில் ஆட்டுக்கறிக்கு ஒரு பிடி கூடக் குறையாது. நடை முடிந்ததும் நேரே வண்டி ஏறிவிடாமல் எர்லி மார்னிங் மார்க்கெட்டுக்குத் திரும்பிப் போய் ஒரு வாரத்துக் காய்கறியை அங்கேயே வாங்குங்கள். மதியம் தாண்டினால் பாதி மேசைகளில் சாக்கு மூடியிருக்கும், அதனால் சீக்கிரம் போங்கள்.